டீ கிளாஸில் ஒட்டும் காரீயம்

காரீயம் உருக்கும் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நெருப்பைப் பற்றித்தான். சட்டிக்குப் பக்கத்தில் லுங்கியோடு வராதே. கரண்டியை ஈரக்கையால் தொடாதே. ஊற்றும்போது குனியாதே. எல்லாம் சரியான பேச்சு. பத்தரை மணிக்கு டீ வந்தது. கசடு வழித்துப் போட்ட அதே கையை இடுப்புத் துண்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மேஸ்திரி கிளாஸை வாய்ப்பக்கமாகப் பிடித்து எடுத்தார். குடித்து வைத்த கிளாஸின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. நானும் அப்படித்தான் குடித்தேன். எட்டு மாதம் குடித்தேன்.

மீன்வலைக்குக் குண்டு வார்க்கிறவர், எக்ஸ்ரே அறைச் சுவருக்குத் தகடு அடிக்கிறவர், பேட்டரி மறுசுழற்சி ஆலையில் நிற்கிறவர், உள்ளரங்கத் துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்கிறவர் என்று காரீயத்தோடு பிழைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வேலைக்குப் போகப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் கிளம்பும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "ஈயம்தானே, நாம ரசமே ஈயச் சொம்புல வைக்கிறோமே" என்று அம்மா சொல்வார். அவர் சொல்வது வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். பட்டறையில் உருகுவது காரீயம். பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் உலோகம் வேறு, குணம் வேறு. இனி நான் ஈயம் என்று சொல்வது காரீயத்தைத்தான். காரீயத்துக்கு உடம்பில் எந்த வேலையும் கிடையாது. உள்ளே போனால் சுண்ணாம்புச் சத்து போல வேஷம் போட்டு எலும்பில் குடியேறிவிடும்.

புகையா, தூசியா?

காரீயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். கொதிப்பதோ 1,749 டிகிரியில். இடைவெளியைப் பாருங்கள். 350, 400 டிகிரியில் வைத்து வார்க்கிற சட்டியிலிருந்து ஆவியாக எழும் ஈயம் கொஞ்சம்தான். 500 டிகிரியை நெருங்க நெருங்கத்தான் அது மிரட்டத் தொடங்கும். ஆகவே சின்னப் பட்டறையில் முதலில் வாங்க வேண்டிய பாதுகாப்புச் சாமான் தெர்மாமீட்டர். முகமூடி அதற்கு அப்புறம். கேஸ் அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டு, "கண்ணால பார்த்தாலே தெரியும்" என்று சொல்கிற மேஸ்திரிகள் உண்டு. சட்டியின் மேல்பரப்பில் வழித்த மறு நிமிடமே மஞ்சளும் ஊதாவும் நீலமும் ஓடினால் சூடு ஏறிப்போயிற்று என்று கண்ணுக்கும் தெரியும்தான். ஆனால் அது தெரிகிற நேரத்தில் நீங்கள் ஏற்கனவே பக்கத்தில் நின்று மூச்சு விட்டிருப்பீர்கள்.

சின்னப் பட்டறையில் பெரிய ஆபத்து கசடு. சட்டிமேல் படிகிற ஆடையை வழித்து ஓரமாகத் தட்டுகிறோமே, அதில் ஈய ஆக்சைடு இருக்கிறது. உலர்ந்தால் மாவு மாதிரி ஆகிவிடும். காலால் மிதித்தால் எழும், மின்விசிறி போட்டால் பறக்கும். கட்டியாகக் கிடக்கிற ஈயத்தைத் தொடுவதை விட இந்த மாவைத் தொடுவது பல மடங்கு மோசம். இது மூக்கு வழியாகவும் போகும், விரல் வழியாக வாய்க்கும் போகும். பீடி, வெற்றிலை, ஹான்ஸ், மீசையை நீவுவது எல்லாம் அந்தப் பாதைதான். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: செல்போன். சட்டியடியில் நின்று தேய்த்த திரையை ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம், குழந்தை கையில் கொடுக்கிறோம். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துவிட்டு, வெளியே வந்ததும் கவரைக் கழற்றி எறிவது காசில்லாத தீர்வு.

அமெரிக்கக் கொட்டகையிலிருந்து சில பாடங்கள்

இந்தத் தொழிலில் முதலாளியும் இன்ஸ்பெக்டரும் இல்லாமல் தாங்களாகவே பாதுகாப்புக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் உண்டென்றால், அது அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கு ஈயக்குண்டு வார்க்கிற பொழுதுபோக்குக்காரர்கள். அங்கே அது தலைமுறை தலைமுறையாக வருகிற பழக்கம். வார்ப்பு அச்சு விற்கிற லைமன் கம்பெனி 1878-இல் தொடங்கியது. நம் நாட்டில் தோட்டா தயாரிக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே குண்டை அவர்களிடமே விட்டுவிட்டு, வார்க்கிற மேசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கருவிகளை அவர்கள் எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் நமக்குப் பயன்.

வீட்டுக் கொட்டகையில் உருக்கியவர்களும் முதலில் சட்டியைத்தான் சந்தேகப்பட்டார்கள். ரத்தத்தில் ஈய அளவு ஏறியவர்களின் பழக்கத்தை அலசினால் அடிக்கடி சிக்கியது வேறு. ஒன்று, காற்றோட்டமில்லாத உள்ளரங்கில் சுடுவது. இன்னொன்று, சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்வது. கூட்டின் அடியில் தீப்பொறி கொடுக்கிற பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. வெடித்தபின் அதன் சாம்பல் கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். மக்காச்சோளக் கட்டைத் தூளோடு கூடுகளைப் போட்டு அதிரவைக்கும் உலர் டம்ளர் எந்திரத்தைத்தான் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். மூடியைத் திறந்து சல்லடையில் சலிக்கும்போது எழுகிற அந்த மெல்லிய தூசிதான் ஆளைப் பிடித்தது. பளபளப்பு வருகிறதே என்று குனிந்து பார்ப்பார்களாம்.

ஆகவே எந்திரத்தை மாற்றினார்கள். தண்ணீரும் சோப்பும் ஸ்டீல் ஊசிகளும் போட்டு மூடிச் சுழற்றுகிற ஈர டம்ளர் வந்தது. தூசி தண்ணீரோடு போயிற்று. மேலே கரண்டி விட்டு மொள்ளுவதற்குப் பதிலாக, அடியில் குழாய் வைத்த சட்டி வந்தது. ஈயம் கீழே இறங்கும், கசடு மேலே ஆடையாகக் கிடந்து மூடியாக உதவும், அடிக்கடி வழிக்க வேண்டாம். வார்த்த குண்டின்மேல் பாலிமர்த் தூளைப் பூசி அடுப்பில் சுட்டெடுத்தார்கள். வெறும் ஈயத்தைத் தொடுவது குறைந்தது. சமையலறை அடுப்பில் உருக்கிய காலம் போய், மேசை கொட்டகை வாசலுக்கு நகர்ந்தது. அந்த மேசைக் கரண்டி, தட்டு எதுவும் மறுபடி வீட்டுக்குள் போகாது.

இதை நம் பட்டறைக்கு அப்படியே திருப்பிப் போடலாம். உலர்ந்து பறப்பதை ஈரமாக்குங்கள், திறந்து கிடப்பதை மூடுங்கள். துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள். கம்ப்ரசர் காற்றால் மேசையை ஊதவே கூடாது. அமெரிக்காவின் ஈயச் சட்ட விதிகளிலேயே அந்தத் தடை உண்டு. கசடு தட்டுகிற இடத்தில் மூடி வைத்த இரும்பு டின் வேண்டும். திறந்த தாம்பாளம் ஆகாது.

அவர்களிடம் கற்க இன்னொரு சங்கதி பழைய இரும்புக் கடைச் சரக்கு பற்றியது. டயர்க் கடையிலிருந்து வரும் வீல் பேலன்ஸ் எடைக்கட்டிகளை நம்மூரிலும் உருக்குகிறார்கள். அதில் இப்போது இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகிறது. துத்தநாகம் 419 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஈயத்தை விட லேசு. சட்டியை 370 டிகிரியைத் தாண்டவிடாமல் வைத்தால் துத்தநாகக் கட்டிகள் உருகாமல் மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். 419-ஐத் தாண்டவிட்டால் அதுவும் உருகிக் கலந்து, வார்ப்பு முழுக்கக் கூழாகிப் பாழாகும். தெர்மாமீட்டரின் விலை ஒரு சட்டிச் சரக்கிலேயே திரும்பிவிடும் என்று முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள். உடல்நலம் என்று சொல்வதை விட அது சீக்கிரம் காதில் ஏறும்.

பேட்டரித் தகட்டை மட்டும் சின்னச் சட்டியில் போடாதீர்கள். அமிலம் ஊறிய தகட்டில் ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் கால்சியமும் இருக்கும். அந்தக் கசடு ஈரம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற ஆலைகள்தான் அதைச் செய்யலாம். பதிவில்லாத கொட்டகையில் ராத்திரி ஷிப்ட்டில் பேட்டரி உருக்குகிறார்கள், கூலி இருமடங்கு என்றால், அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஈரம் எங்கே ஆகாது

தூசிக்கு ஈரம் நல்லது என்றேன். சட்டிக்கு அதுவே எமன். உருகிய ஈயத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் கணத்தில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். மேலே இருக்கிற ஈயத்தை எல்லாம் கூரைக்கு எறிந்துவிடும். மேல்பரப்பில் விழுகிற வியர்வைச் சொட்டு பெரும்பாலும் சீறிவிட்டுப் போகும். அதைப் பார்த்துத் தைரியம் வந்துவிடுவதுதான் கேடு. சுவரோரம் அடுக்கிய பாளத்தின் பொத்தலுக்குள் தங்கிய மழைத்தண்ணீர், உள்ளே குழியான பழைய குழாய்த் துண்டு, குளிர்ந்த கரண்டியில் படிந்த பனி — வெடிப்பது இவைதான்.

எங்கள் பட்டறையில் ஐப்பசி மாதம் அது நடந்தது. கூரை ஒழுகிய இடத்துக்குக் கீழே இருந்த பாளத்தை, ஒரு பையன் மேலாகத் துடைத்துவிட்டு நேராகச் சட்டிக்குள் இறக்கினான். சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முழங்கை வரை சட்டை இருந்ததால் பிழைத்தான். ரப்பர் செருப்புக்குள் ஓடிய துளிகள் விரலிடுக்கில் உறைந்துகொண்டன. அடுத்த நாளிலிருந்து பாளங்களைச் சட்டியின் விளிம்பில் கால்மணி நேரம் காயவைத்த பிறகே உள்ளே போட்டோம். முதல் நாளே செய்திருக்கலாம்.

பருத்தியில் முழுக்கைச் சட்டை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, தோல் ஏப்ரான், கணுக்காலை மூடும் ஷூ, ஷூவுக்கு வெளியே விழுகிற பேண்ட். நைலான் வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

"கை கழுவலையா?" என்று முதலாளி கேட்டால்

கை, கை என்று இத்தனை தூரம் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1910-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்காக ஈயத் தொழிலாளர்களின் நோயைத் துருவத் தொடங்கினார். 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் பெண்ணும் அவர்தான். அன்றைய ஆலைக்காரர்கள் பலர் சொன்ன சாக்கு, ஆட்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்பது. அவர் ஆலை ஆலையாக நடந்து, ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டி, தொழிலாளர் வீடுகளுக்கே போய்க் கேட்டுக் காட்டியது, காற்றில் மிதக்கிற தூசியும் புகையும்தான் ஆட்களைச் சாய்க்கின்றன என்பது.

ஆகவே இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். தெர்மாமீட்டர் வைத்து 380 டிகிரியில் வலைக்குண்டு வார்க்கும் சின்னப் பட்டறையில் கை முக்கியம். ஆயிரம் டிகிரிக்கு மேல் உலை எரிகிற மறுசுழற்சி ஆலையில் காற்று முக்கியம். அங்கே உலைவாயில் உறிஞ்சும் எக்ஸாஸ்ட் இல்லாமல், ஒரு சோப்புக்கட்டியை மட்டும் காட்டி "கை கழுவலையா?" என்று மேனேஜர் கேட்டால், நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி "எக்ஸாஸ்ட் எங்கே சார்?" துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் இரண்டும் ஈயத்தூசிக்கு ஒப்புக்குச் சப்பாணி. பி100 வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும், அது முகத்தோடு படிய வேண்டும். தாடி இருந்தால் படியாது.

பால், வெல்லம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூசு வேலைக்காரர்களுக்குச் சாயங்காலம் ஒரு டம்ளர் பாலோ ஓர் உருண்டை வெல்லமோ கொடுத்து "தூசு இறங்கிடும்" என்று அனுப்புகிற வழக்கம் நம்மிடம் உண்டு. பால் ஈயத்தை இறக்காது. வெல்லமும் இறக்காது. வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பிலும் அப்படியே. எனவே காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவது நிஜமாகவே உதவும். அதற்காக எக்ஸாஸ்ட் விசிறியின் இடத்தில் பால் டம்ளரை வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ரத்தம் என்ன சொல்கிறது

ஈயம் ஏறியவர் டாக்டரிடம் போகும்போது சொல்வது: வயிறு இழுத்துப் பிடிக்கிறது, மலச்சிக்கல், உடம்பு அசதி, தலைவலி, எதற்கெடுத்தாலும் கோபம். டாக்டர் அல்சர் மாத்திரை எழுதுவார். அவர்மேல் தப்பில்லை. வேலை என்னவென்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "ஈயம் உருக்குறேன் டாக்டர், பிளட் லெட் பார்க்கணும்." எனக்கு அந்த எட்டு மாதத்தில் மூன்று தடவை அல்சர் மாத்திரை கிடைத்தது. ஈயம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

ரத்தத்தில் ஏறிய ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் தங்கியது பல பத்து வருஷம் இருக்கும். ஆகவே ஒரு பரிசோதனை அண்மை மாதங்களின் கணக்கைத்தான் சொல்லும். வேலையில் சேருமுன் ஒன்று எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். ஊசி குத்துமுன் கையை நன்றாகக் கழுவுங்கள். தோலில் இருக்கிற தூசி ரத்த மாதிரியோடு கலந்தால் எண் எகிறும்.

எண்ணைப் படிப்பதில்தான் ஏமாற்று நடக்கும். அமெரிக்க விதி 1978-இல் எழுதப்பட்டது. அதன்படி டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமோ, சராசரியாக 50-ஓ ஏறினால்தான் ஆளை ஈய வேலையிலிருந்து விலக்க வேண்டும், 40-க்குக் கீழே இறங்கியபின் திரும்பச் சேர்க்கலாம். அதே நாட்டில் இன்று குழந்தைகளுக்குக் கவனிப்பு தொடங்குகிற எண் 3.5. கலிபோர்னியா பொறுமையிழந்து, காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றிருந்த பழைய வரம்பை 2025 ஜனவரியிலிருந்து 10 ஆக இறக்கிவிட்டது. எனவே "உனக்கு 35தான், நார்மல்" என்று கம்பெனியில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகம், விந்தணு எல்லாம் அதைவிடக் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படுவதாக மருத்துவம் சொல்கிறது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து இருக்கிறது. அது ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் தரும் சிகிச்சை. ஒரு கையில் மருந்தைக் கொடுத்து மறு கையில் அதே சட்டிக்கு அனுப்புவது குற்றம்.

நம் சட்டமும் வாயில்லாமல் இல்லை. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் தொட்டு 2020-இன் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு வரை, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சு இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு அது தொழில்சார் நோய். மருத்துவர் சீட்டில் 'அல்சர்' என்று எழுதினால் இந்தக் கதவு எதுவும் திறக்காது.

வேலைக்குச் சேருமுன் ஒரு சுற்று

நேர்முகம் முடிந்ததும் "இடத்தைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சம்பளத்தை விட இது முக்கியம். டீ எங்கே குடிக்கிறார்கள்? அந்த இடத்துக்கும் சட்டிக்கும் நடுவில் குழாயும் சோப்பும் உண்டா? வெறும் தண்ணீரில் அலசினால் ஈயம் போகாது, நகக்கண்ணில் பிரஷ் போட வேண்டும். சீருடையை யார் துவைக்கிறார்கள்? "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றால், உங்கள் பிள்ளையின் உடுப்போடு ஒரே வாளியில் அது ஊறும். குளியலறையும் இரண்டு அலமாரியும் (வேலைத் துணிக்கு ஒன்று, வீட்டுத் துணிக்கு ஒன்று) இருக்கிற இடம் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் நல்ல இடம். அந்த வசதி இல்லாத இடத்தில் ஏற்கனவே மாட்டிக்கொண்டவர் ஷூவை வாசலிலேயே கழற்றி, நேராகக் குளித்துவிட்டு, அப்புறம் குழந்தையைத் தூக்குங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் இதில் ஒரு நாள்கூட விலக்கு இல்லை.

பழைய ஆள் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். "அண்ணே, கடைசியா ரத்தம் எப்ப எடுத்தாங்க? எண் என்ன வந்துச்சு?" தேதியும் எண்ணும் சேர்ந்து பதில் வந்தால் அது ஒழுங்கான கம்பெனி. "எடுத்தாங்க, ரிசல்ட் ஆபீஸ்ல இருக்கு" என்றால் யோசியுங்கள். "என்ன ரத்தம்?" என்று கேட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்து சேருவது என்று முடிவானால், சேருவதற்கு முந்தின வாரம் பிளட் லெட் பரிசோதனையை உங்கள் செலவிலாவது எடுத்துவிடுங்கள். அந்தத் தாளின் அசலை வீட்டுப் பீரோவில் வையுங்கள். கம்பெனிக்கு நகல் போதும்.